இயற்கை யாரோடு கோபித்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600க்கும் அதிகமானோர் மரணித்தார்கள். மாவட்ட வாரியாகப் பார்த்தால் அதிக உயிர்கள் போனது எங்கள் கண்டியில்தான். அந்த நாட்களில் தொலைக்காட்சியும் முகநூலும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "இயற்கையின் சீற்றம்". இன்னும் சத்தமாகச் சொல்ல விரும்பியவர்கள் "கோரத் தாண்டவம்" என்றார்கள். மேலிருந்து ட்ரோன் காட்சி, பின்னணியில் சோகப் புல்லாங்குழல்.

மண்சரிவு பற்றி எழுதச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகளின் முதல் வரியும் அதேதான்: "இயற்கை அன்னை சீற்றம் கொண்டாள்." பிள்ளைகளில் குற்றமில்லை. அவர்கள் கேட்டு வளர்ந்த மொழி அது.

ஆனால் இந்த மொழி யாருக்கு உதவுகிறது? கோபித்தது இயற்கை என்றால் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? மழைக்கு எதிராக வழக்குப் போட முடியுமா? பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அனுதாபச் செய்தி வெளியிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

மலையகம் என்றாலே பாட்டிலும் சுற்றுலா விளம்பரத்திலும் "பச்சைக் கம்பளம்", "இயற்கை எழில்". அந்தக் கம்பளம் விரிக்கப்பட்டது காட்டை அழித்து. 1824இல் கம்பளை சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். மண்ணைப் பிடித்து வைத்திருந்த ஆழமான வேர்கள் மலை மலையாகப் போயின. அதற்குப் பிறகு நாம் சரிவைச் செங்குத்தாக வெட்டி மாடி வீடு கட்டினோம்.

எங்கள் சமூகத்தையும் சொல்ல வேண்டும். அக்குறணைக்குள் தண்ணீர் வராத வருடங்களை எண்ணிவிடலாம். பிங்கா ஓயாவின் இரு கரையையும் கட்டடங்கள் நெருக்கினால் ஆறு எங்கே போகும்? தன் பழைய வழியில்தான் வரும். அதற்கும் "சீற்றம்" என்று பெயர் வைக்கிறோம்.

"இவ்வளவு மழை பெய்தால் யார்தான் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். மழையை நிறுத்த முடியாது, உண்மை. ஆனால் சரிவுக்குக் கீழே மனிதர்களை வைத்திருப்பது மழையின் வேலை இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு டித்வா நாட்களிலேயே எழுந்தது. ஒரு மனிதனுக்குப் புரியாத மொழியில் "ஓடு" என்று சொன்னால் அது எச்சரிக்கையா?

புரிந்தாலும் எங்கே ஓடுவது? கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் அந்த லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. சொந்தக் காணி இல்லாத தோட்டத் தொழிலாளியிடம் "அங்கே ஏன் இருந்தாய்?" என்று கேட்பது அநியாயம்.

சீற்றக் கதை முடிந்ததும் ஹீரோக் கதை தொடங்கும். கேரள வெள்ளம் பற்றி 2023இல் '2018' என்ற மலையாளப் படம் வந்தது. எல்லோரும் ஹீரோ என்பதுதான் அதன் செய்தி. மனிதர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றியதை நெகிழ வைத்துச் சொன்னது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் குவாரிகளையும் கட்டடங்களையும் கட்டுப்படுத்தும்படி மாதவ் காட்கில் குழு 2011இலேயே அறிக்கை கொடுத்திருந்தது. அதைக் கிடப்பில் போட்டவர்கள் யார் என்பது படத்தின் கதை இல்லை. எங்கள் இளைஞர்களும் சேற்றில் இறங்கி ஜனாஸாக்களைத் தோண்டி எடுத்தார்கள், சமைத்துக் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுப்பான். அந்தப் புகைப்படங்களுக்கு லைக் போட்டதோடு நம் கேள்வியும் முடிந்துவிட்டது.

"இது அல்லாஹ்வின் சோதனை, கேள்வி கேட்காதீர்கள்" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் சுற்றின. கத்ரை நானும் நம்புகிறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சரிவை வெட்டியவனையும் அனுமதி கொடுத்தவனையும் காப்பாற்ற கத்ரை இழுக்காதீர்கள்.

அடுத்த மழைக்கு ஊடக நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். "சீற்றம்" என்று தலைப்பு வைக்க முன்னர் நாலு கேள்விக்குப் பதில் தேடுங்கள். எந்த நிற எச்சரிக்கை, எத்தனை மணிக்கு, எந்த மொழியில் வந்தது? அந்தச் சரிவில் கட்ட அனுமதித்தது யார்? வெளியேறச் சொன்னவர்களுக்கு மாற்று இடம் எங்கே? கடந்த தடவை வாக்களித்த காணி கொடுக்கப்பட்டதா?

வாசிக்கிற நாமும் இதே கேள்விகளைச் செய்திக்குக் கீழே போய்க் கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்.