யாத்திரைக் கூட்டத்தில் காதைப் பத்தியும் பேசணும்



பள்ளி விடுமுறை வந்தால் தமிழ்நாட்டுக்கும் வடநாட்டுக்கும் கோயில் யாத்திரை போறது நம்ம பாரோய் பக்கம் வழக்கம். போறதுக்கு முன்னால கூட்டம் போட்டு பாஸ்போர்ட், விசா, லக்கேஜ் கிலோ எல்லாம் பேசுறோம். காதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்லை. பேசணும் என்பது என் கருத்து.

செவிப்பறைக்குப் பின்னால காற்று நிற்கிற சின்ன அறை இருக்கு. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு மெல்லிய குழாய் ஒண்ணு போகுது. விமானம் ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று தானா வெளியேறிடும். இறங்கும்போதுதான் சிரமம். வெளி அழுத்தம் கூடி செவிப்பறையை உள்ளே தள்ளும். எச்சில் விழுங்கினா, கொட்டாவி விட்டா குழாய் திறந்து சமமாகும். சளி பிடிச்சிருந்தா குழாய் வீங்கி, திறக்காது. புக்கிட் பூத்துஸ் மலை இறங்கும்போதே சிலருக்கு காது அடைக்கும். விமானத்துக்குள்ள அழுத்தம் 8,000 அடி மலை மேல இருக்கிற அளவுக்கு குறையலாம். கெந்திங் மலையே சுமார் 6,000 அடிதான்.

சிலர் கேதார்நாத் போக ஆக்சிஜன் டின் வாங்கி வச்சுக்கிட்டு, காதுக்கும் அது போதும்னு நினைக்கிறாங்க. டேங்க்குல என்ன கேஸ் இருக்குங்கிறது வேற, எவ்வளவு பிரஷர் இருக்குங்கிறது வேற. ஃபேக்டரியில வேலை செய்றவங்களுக்கு இது புரியும். ஆக்சிஜன் மூச்சுக்கு உதவும், காதைத் திறக்காது. 2018 செப்டம்பர் 20-ல் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் போன ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் அழுத்தம் தர்ற சுவிட்சை போடாம விட்டுட்டாங்க. ஆக்சிஜன் மாஸ்க் கீழே இறங்கியும், 166 பயணிகளில் சுமார் 30 பேருக்கு மூக்கு, காதுல ரத்தம் வந்தது.

இன்னொண்ணு. உயரத்துல ரொம்ப நேரம் சுத்த ஆக்சிஜன் சுவாசிக்கிற விமானிகளுக்கு, தரை இறங்கி பல மணி நேரம் கழிச்சும் காது அடைக்கும். சாதாரண காற்றுல பெரும்பகுதி நைட்ரஜன், அதை உடம்பு மெதுவாத்தான் இழுக்கும். நடுக்காதுல ஆக்சிஜன் நிறைஞ்சா சீக்கிரம் இழுத்துக்கும், செவிப்பறையும் கூடவே உள்ளே போகும். தூக்கத்துல எச்சில் விழுங்குறது குறைவு என்பதால, எழுந்திரிக்கும்போதுதான் தெரியும்.

அதனால கூட்டத்துல இதையும் சொல்லுங்க. கடுமையான சளி, காது வலி, காது ஆபரேஷன் பண்ணவங்க டிக்கெட்டுக்கு முன்னால டாக்டரைப் பாருங்க. இறங்கும்போது தூங்குறவங்களை எழுப்புங்க. பெரியவங்களுக்கு மிட்டாய், கைக்குழந்தைக்கு பால். மூக்கைப் பிடிச்சு பலமா ஊதாதீங்க, மெதுவா போதும். வலியோ காது மந்தமோ ரெண்டு நாளுக்கு மேல நீடிச்சா கிளினிக் போங்க.

விமானத்துல குழந்தை அழுதா தாயை முறைக்காதீங்க. அதோட காதுக்குழாய் நம்மளதை விட சின்னது, வலியைச் சொல்லத் தெரியாமத்தான் அழுவுது.

சாமி கும்பிடப் போற இடத்துல மணியோசை நல்லா கேக்கணும்ல? யாத்திரை ஏற்பாட்டாளர்கள் இதுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்க.