தாது இருந்தும் ஆலை இல்லையேல்...

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோது பிரிட்டன் விசித்திரமான நெருக்கடியில் சிக்கியது. அதிவேக உருக்குக்கு இன்றியமையாத டங்ஸ்டன் தாது, அதன் ஆளுகைக்கு உட்பட்ட பர்மாவின் தவாயில் கிடைத்தது. ஆனால், அதைச் சுத்திகரித்து உலோகத் தூளாக்கும் ஆலைகள் பெரும்பாலும் எதிரியான ஜெர்மனியில் இருந்தன. பீரங்கிக் குண்டுகளைக் கடையும் கருவிகளுக்கே ஆபத்து. ஷெஃபீல்டு உருக்கு உற்பத்தியாளர்கள் ஒன்றிணைந்து விட்னஸ் நகரில் ஆலை நிறுவ நேர்ந்தது.

அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். உலகின் டங்ஸ்டன் உற்பத்தியில் பெரும்பங்கைத் தன்வசம் வைத்துள்ள சீனா, 2025 பிப்ரவரியில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவின் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் டங்ஸ்டன் உண்டு. ஆனால், நமது விவாதம் சுரங்க ஏலத்தைத் தாண்டுவதில்லை. மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி ஏலமோ மக்கள் எதிர்ப்பால் ரத்தானது.

தேய்ந்துபோன வெட்டுக்கருவிகளிலிருந்தும் டங்ஸ்டனை மீட்கலாம். அதற்கு மலையைக் குடைய வேண்டியதில்லை. சுத்திகரிப்பு ஆலையும் தொழில்நுட்பமும் போதும். தாதுவை மட்டும் வைத்திருப்பது தற்சார்பு ஆகாது என்பதை பிரிட்டன் போர்க்களத்தில் உணர்ந்தது. நாம் அமைதிக் காலத்திலேயே உணர்வது நல்லது.