துரை மாறினார்; பெரட்டு மாறிற்றா?

தலவாக்கலை மலைகளில் கம்பனிக்கொரு பெயர்ப்பலகை நிற்கிறது. "எங்கள் நிர்வாகப் பண்பாடே தனி" என்று ஆண்டறிக்கைகள் வண்ணத்தாளில் முழங்குகின்றன. தனிதானா? வெயில் ஏறுமுன் பெரட்டுக் களத்திற்குச் சென்று பாருங்கள். பெரியதுரை, சின்னதுரை, கணக்குப்பிள்ளை, கங்காணி. எல்லார்க்கும் கீழே, தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கும் பெண். வெள்ளைக்காரன் சாத்திய ஏணி அது. ஒரு படியேனும் கழன்றதா?

ஏணி கைமாறியதுண்டு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஒருபுறம், ஜனவசம மறுபுறம்; இரண்டும் நட்டத்தில் மூழ்கின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளாக்கித் தனியார் நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். நிலம் அரசினது, கம்பனிக்கு 53 ஆண்டுக் குத்தகை. பின்னர்ப் பங்குகளை விற்றபோது, தொழிலாளர்க்கும் நூற்றுக்குப் பத்துப் பங்கு இலவசமென்றார்கள். பங்குதாரியாகிய அந்தப் பெண்ணுக்கு இயக்குநர் சபையில் நாற்காலி போட்ட கம்பனி எது என்று வினவுகிறோம்.

கொழும்பு ஏலத்தில் இவர்கள் போட்டியாளர்களாம்! தலவாக்கலைக் கம்பனியும் களனிவெளிக் கம்பனியும் இன்று ஹேலீஸ் என்னும் ஒரே குடையின் கீழ் இருப்பது ஒருபுறமிருக்கட்டும். கூலி என்ற சொல் எழுந்ததும் போட்டி எங்கே ஓடி ஒளிகிறது? 2021இல் சம்பள நிர்ணயச் சபை 1000 ரூபா என்றது. கம்பனிகள் கைகோத்து நீதிமன்றம் ஏறின. 2024இல் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது, மீண்டும் வழக்கு. அவ்வாண்டு செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவில் வந்து நின்றது. விலையில் வேற்றார், கூலியில் உறவினர்!

உண்மையில் வேறான அமைப்பைக் காண வேண்டுமாயின் இரத்தினபுரிக்கும் காலிக்கும் செல்லுங்கள். அங்கே சிறுதோட்டக்காரருக்குத் துரையுமில்லை, பெரட்டுமில்லை. ஏல விலையில் நூற்றுக்கு 68 கொழுந்து கொடுத்தவர்க்கு, 32 தொழிற்சாலைக்கு என்பது அங்குள்ள கணக்கு. நாட்டின் தேயிலையில் மிகப் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்தே வருகிறது. தன் நிலத்துக் கொழுந்தைக் கிள்ளுபவர்க்குக் கங்காணி எதற்கு? இதை உழவர் பெருமக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கம்பனிகளும் இப்போது வருமானப் பங்கீடு என்று பேசுகின்றன. நல்லது, ஆனால் எந்த நிபந்தனையில்? நாட்சம்பளத்தையும் சேமலாப நிதியையும் பறித்துக்கொண்டு, களை மண்டிய சரிவைக் கையில் கொடுப்பதாயின் அது பங்கீடன்று, கைகழுவுதல். எழுத்தில் நிலவுரிமை வேண்டும். கொழுந்தை விரும்பிய தொழிற்சாலைக்கு விற்கும் உரிமை வேண்டும். 68க்குக் குறையாத பங்கு வேண்டும். சேமலாப நிதி தொடர வேண்டும்.

குத்தகை 2045இல் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சு அதற்கு வெகு முன்பே கொழும்பில் எழும். அந்த மேசையில் தொழிலாளர்க்கு எத்தனை இடம் என்று அரசு இன்றே சொல்லட்டும்.