குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் கடல்தொழிலும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
ராமச்சந்திராபுரத்தில் வாழும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்தார் சங்க நிர்வாகிகள், ஹைதராபாத்.

பெறுநர்:
செயலர், விண்வெளித் துறை, பெங்களூரு.
மாவட்ட ஆட்சித் தலைவர், தூத்துக்குடி.

பொருள்: ஏவுதல் நாட்களில் கடல் மூடப்படுவதற்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பெல் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து ராமச்சந்திராபுரத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நாங்கள். சொந்த ஊர் மணப்பாடு, பெரியதாழை, உடன்குடி, சாத்தான்குளம். குலசேகரப்பட்டினத்தில் (எங்கள் பேச்சில் குலசை) ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டியபோது இங்கே இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். திட்டத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அதனால் வரும் லாபத்தில் எங்கள் கடற்கரைக்கும் பங்கு கேட்கிறோம்.

குலசையைத் தேர்ந்தெடுத்த காரணம் எங்களுக்குத் தெரியும். 1971 முதல் ராக்கெட் ஏவிவரும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே வங்கக் கடல் திறந்து கிடக்கிறது. அங்கே பூமி கிழக்கு நோக்கி மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதால், கிழக்கே போகும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் சும்மா கிடைக்கிறது. சந்திரயான்-3 கிளம்பியதும் அங்கிருந்துதான். ஆனால் துருவப் பாதைக்குச் செல்லும் செயற்கைக்கோள் தெற்கே போக வேண்டும்; நேர் தெற்கே இலங்கை இருக்கிறது. கழன்று விழும் பாகம் ஊர்மேல் விழக்கூடாது என்பதற்காகப் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குச் செலவாகும் எரிபொருள், ஏற்றிச் செல்லும் எடையில் கழிகிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். 120 டன் எடையுள்ள சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அது பெரும் இழப்பு. குலசையிலிருந்து கிளம்பினால் வளையவே வேண்டாம். தெற்கே அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் குறுக்கிடாது.

வரைபடத்தில் காலியாகத் தெரியும் அந்தத் தெற்குக் கடல்தான் எங்கள் உறவினர்கள் தொழிலுக்குப் போகும் கடல். எங்கள் உறுப்பினர் ஒருவரின் தம்பி பெரியதாழையில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். டீசல், ஐஸ், கூட வரும் மூன்று பேருக்குச் சாப்பாடு என்று ராத்திரியே பணம் போட்டுவிட்டுத்தான் கடலில் இறங்குவார். விடிந்து கரை சேரும்போதுதான் அன்றைய பாடு என்ன என்று தெரியும். ஏவுதலுக்காகக் கடலுக்குப் போகக் கூடாது என்று கடைசி நேரத்தில் சொன்னால், வாங்கி வைத்த ஐஸ் கரையிலேயே உருகிப் போகும். ஏவுதல் மறுநாளைக்குத் தள்ளிப்போனால் இரண்டு நாள் பிழைப்பு போச்சு. ஆண்டுக்கு 24 ஏவுதல் வரை நடத்தலாம் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் என்று வைத்தாலே 48 நாள் ஆகிறது. மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கும் பெண்களுக்கும் அந்த 48 நாள் வருமானம் இல்லை.

ஆகவே, கடல் மூடப்படும் ஒவ்வொரு நாளுக்கும் படகு ஒன்றுக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே அரசாணையில் எழுதி வைக்க வேண்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் போல அது நேரே வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நாட்டுப்படகுக்காரர், கூலிக்குக் கடலுக்குப் போகிறவர், மீன் விற்கும் பெண்கள் யாரையும் விட்டுவிடக் கூடாது. எங்கள் கோரிக்கைகளில் தலையாயது இதுதான்.

முன்னறிவிப்புக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்புக்கு அதிக தூரமில்லாத பிரகதி நகரில் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் (இன்காயிஸ்) இருக்கிறது. மீன் கூடும் இடங்களை அது நாட்டின் கடற்கரை மீனவர்களுக்கு அவரவர் மொழியிலேயே சொல்லி வருகிறது. அந்தத் தகவலுக்கு உதவும் ஓஷன்சாட்-3, 2022 நவம்பர் 26 அன்று பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்ற துருவப் பாதைச் செயற்கைக்கோள். மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் அதே வழியில், எந்தக் கடற்பகுதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மூடப்படும் என்பதை ஒரு வாரம் முன்பே தமிழில் சொல்லலாம். ஏவுதல் தள்ளிப்போனால் அதையும், கடல் திறந்துவிட்டதென்றால் அதையும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். கைபேசி மட்டும் போதாது. ஊர்க் கமிட்டிக்குத் தகவல் போனால் கோயில் மைக்கில் சொல்வார்கள். எங்கள் ஊர்களில் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

குலசை முத்தாரம்மன் கோயில் தசராவின் பத்து நாளும் ஏவுதல் வைக்க வேண்டாம். வேஷம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் வரும் காலம் அது. சூரசம்ஹாரம் நடப்பதும் கடற்கரையில்தான்.

இன்னொன்று. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி எல்லைகளில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஏவுதளத்தில் காவல், துப்புரவு வேலை மட்டும் என்று நின்றுவிடக் கூடாது. தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்கு வெல்டிங், மின் பராமரிப்பு, கருவிப் பரிசோதனை வேலைகளில் முன்னுரிமை தர வேண்டும். பயிற்சிக்கு ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். விசையாழி செய்து ஓய்வுபெற்றவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். சொந்தச் செலவில் வந்து சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

ஏவுதளப் பணிக்கு 2025 ஆகஸ்டில் பூமி பூஜை நடந்து வேலை வேகமாகப் போகிறது. குலசையிலிருந்து முதல் எஸ்.எஸ்.எல்.வி. கிளம்பும் முன் இழப்பீட்டு ஆணை வெளிவரவும், அதற்குமுன் மீனவர் ஊர்க் கமிட்டிகளை அழைத்து ஒருமுறை நேரில் பேசவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்,
ராமச்சந்திராபுரம்.