வீடற்றோர் காப்பக நிதியை இழுத்தடிப்பதற்குக் கண்டனம்

அமீர்பேட், ஐதராபாத்
மார்ச் 2025

தீனதயாள் அந்த்யோதயா தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் 2024 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. வீடற்றோர் காப்பகங்களுக்கு ஒன்றிய அரசின் பணம் அதன் வழியாகத்தான் வந்தது. அதன் பிறகு காப்பகங்களுக்கென்று உறுதியான நிதி ஏற்பாடு இல்லாமல் போனது. 2025 பிப்ரவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தில், நகர்ப்புற வறுமை ஒழிப்புக்கான புதிய இயக்கத்தை இறுதி செய்துகொண்டிருப்பதாக ஒன்றிய அரசு சொன்னது. எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டுச் சொல்லும்படி நீதிமன்றம் பணித்தது. இந்த இழுத்தடிப்பை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

அமீர்பேட்டில் மைத்ரிவனம் பக்கம் கோச்சிங் சென்டர்களின் ஷட்டர் இறங்கியதும் அந்தப் படிக்கட்டுகளில் படுக்க வருகிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். பொழுது விடிவதற்குள் எழுந்து கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் அட்டாவில் போய் நிற்பவர்கள். பஞ்சாகுட்டாவில் நிம்ஸ் மருத்துவமனையை ஒட்டிய நடைபாதையில், எக்ஸ்ரே கவரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நோயாளியின் வீட்டார் படுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அந்தப் பிப்ரவரி விசாரணையில், இலவசங்களைப் பற்றிய பேச்சில் ‘ஒட்டுண்ணி’ என்ற சொல் நீதிமன்றத்திலேயே எழுந்தது எங்களை மிகவும் புண்படுத்தியது. தங்க இடம் கேட்பது இலவசம் கேட்பது ஆகாது.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010லேயே உத்தரவிட்டது இதே உச்ச நீதிமன்றம்தான். 2011 கணக்கெடுப்பின்படி ஐதராபாத் மாநகராட்சியின் மக்கள்தொகை அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்குக்கு வேண்டிய காப்பகங்களில் பாதிகூட இன்றுவரை எழவில்லை. நிதி இருந்தும் காப்பகம் இல்லாத நிலையைக் கண்டுதான் 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் நீதிமன்றம் குழு அமைத்தது.

அந்த நிதியும் தாராளமானது அல்ல. ஐம்பது பேர் தங்கும் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய், அதுவும் ஐந்தாண்டுக்கு மட்டும். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய் வரும். காவலாளி, துப்புரவாளர், மின்கட்டணம், தண்ணீர், பாய், போர்வை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டியிருந்தது. அமீர்பேட்டில் ஒருவர் டிபனும் டீயும் முடிக்கவே இது காணாது! இதுவும் வராவிட்டால் காப்பகத்தை நடத்தும் தொண்டு நிறுவனங்கள் கடன் வாங்கியா சம்பளம் கொடுக்கும்?

ஆனால் வேறு வேலைக்குப் பணம் கிடைத்ததுண்டு. 2017 நவம்பர் 28 அன்று ஐதராபாத் மெட்ரோ திறப்பும் உலகத் தொழில்முனைவோர் மாநாட்டின் தொடக்கமும் ஒரே நாளில் நடந்தன. மாநாட்டையொட்டிப் பிச்சையெடுக்கத் தடை போட்டு, தெருவில் இருந்தவர்களைப் பிடித்துச் சிறை வளாக இல்லங்களில் கொண்டுபோய் விட்டார்கள். ஆளை அப்புறப்படுத்த வேண்டுமென்றால் அன்று வண்டியும் பணமும் உடனே கிடைத்தன. தெலங்கானாவில் ஆட்சி மாறிய பிறகும் காப்பகம் என்றால் மட்டும் மாநில அரசு டெல்லியைக் கைகாட்டுவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

புதிய இயக்கம் வரும்வரை நடப்புக் காப்பகங்களின் செலவை மாநில அரசும் மாநகராட்சியும் ஏற்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் பகலிலும் அவை திறந்திருக்க வேண்டும். நிம்ஸ் அருகே நோயாளிகளின் குடும்பத்தாருக்கும், அமீர்பேட்டில் பெண்களுக்கும் தனித்தனிக் காப்பகம் வேண்டும். இதுவரை வந்த பணம், செலவான பணம், திரும்பிப் போன பணம் ஆகியவற்றின் கணக்கை மாநகராட்சி வார்டு அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்