பல்லைப் பிடுங்கியும் வலி போகலையா?

வேர் சிகிச்சை முடிஞ்சு நாலு மாசம். வலி போகலைன்னு அந்தப் பல்லையே எடுத்தாச்சு. இப்போ பக்கத்துப் பல்லு வலிக்குதாம். "இதையும் எடுத்துடலாமா டாக்டர்?" ஓபியில் ஓர் அக்கா கேட்டார். கையில் மூணு எக்ஸ்ரே, எல்லாம் நார்மல்.

வேண்டாம்க்கா என்றேன். உங்களுக்கும் அதேதான்.

முதலில் பல் டாக்டரிடம் விரிசல், விட்டுப்போன வேர், சீழ் இருக்கான்னு இன்னொரு தடவை ஒழுங்கா பாருங்க. வீக்கம், காய்ச்சல், மரத்துப்போறது இருந்தா அன்னைக்கே போங்க.

எதுவும் இல்லையா? அப்போ நரம்பைச் சந்தேகப்படணும். முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோறது ட்ரைஜெமினல் நரம்பு. அதன் கிளை காயப்பட்டா, சிலருக்குப் புண் ஆறின பிறகும் வலி வந்துக்கிட்டே இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியாது. "எல்லாம் மனப்பிரமை"ன்னு நாங்க சொல்லி அனுப்புறது பெரும்பாலும் இவங்களைத்தான். தப்பு எங்க பக்கம்.

முகம் கழுவினாலே ஷாக் அடிச்ச மாதிரி சில நொடி வெட்டி இழுத்தா, அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவா இருக்கலாம். கார்பமாசெபின் பெரும்பாலும் கேட்கும். தோலில் தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு ஓடி வாங்க.

நாள் முழுக்க எரிச்சல், மந்தமான வலின்னா குறைஞ்ச டோஸ் அமிட்ரிப்டிலின் தருவோம். "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே"ன்னு மெடிக்கல்ல சொன்னாங்கன்னு பாதியில விடாதீங்க. இங்கே அது நரம்பு வலிக்கு. கேட்கச் சில வாரம் ஆகும். இதையெல்லாம் நீங்களா வாங்கிப் போடாதீங்க, ப்ளீஸ்.

அந்த அக்காவுக்கு இன்னும் முழுசா சரியாகலை. பாதி குறைஞ்சிருக்காம், ராத்திரி தூங்குறாங்க. பக்கத்துப் பல்லு பத்திரமா இருக்கு.