நிலக்கரிக்கு அரசுத் தரகர் எதற்கு?

அமெரிக்காவின் நிலக்கரி மாநிலங்களில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தூசி தட்டி எடுக்கப்படும் யோசனை ஒன்று உண்டு. மாநில அரசில் நிலக்கரிக்கென்றே தனி அலுவலகம் ஒன்றைத் திறக்க வேண்டும். அது வாங்குவோரைத் தேடிப் பிடிக்கும், புதிய தொழில்நுட்பத்துக்குப் பணம் தரும், மூடிய சுரங்கங்கள் திறக்கும், வேலை திரும்பும். 2025 ஏப்ரலில் ‘அழகான, சுத்தமான நிலக்கரி’யைத் தூக்கி நிறுத்தும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிறகு இந்தக் குரலுக்குத் தெம்பு கூடியிருக்கிறது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யாரும் செய்து பார்க்காத யோசனை அல்ல. இல்லினாய் மாநில வணிகத் துறைக்குள் நிலக்கரி மேம்பாட்டு அலுவலகம் பல பத்தாண்டுகளாக இயங்கி வந்திருக்கிறது. ஒஹாயோவிலும் அப்படி ஓர் அலுவலகம் உண்டு. அங்கே 1985இல் வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, நிலக்கரித் தொழில்நுட்பத்துக்காக 10 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட அனுமதி கொடுத்தார்கள். எனவே ஆரூடம் பார்க்க வேண்டியதில்லை. பழைய கணக்கைப் புரட்டினால் போதும். ஆதரவாளர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வாதம் 1: “மண்ணுக்கடியில் குவிந்து கிடக்கிறது, விற்றுக் கொடுக்கத்தான் ஆளில்லை.”

இல்லினாயில் அடிக்கடி காதில் விழும் பெருமை இது: சவூதி அரேபியா, குவைத் இரண்டின் எண்ணெயிலும் உள்ளதைவிட அதிக ஆற்றல் எங்கள் நிலக்கரியில் இருக்கிறது. இருப்பு ஏராளம் என்பதில் சந்தேகமில்லை. சிக்கல் அந்த நிலக்கரியில் உள்ள கந்தகம். இல்லினாய் கரியில் கந்தகம் அதிகம். வயோமிங் மாநிலத்தின் பவுடர் ரிவர் படுகையில் கிடைக்கும் கரியில் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, வயோமிங்கில் கரி தரைக்குச் சற்றுக் கீழேயே கனத்த அடுக்காகக் கிடக்கிறது. மேல்மண்ணை விலக்கி ராட்சத எந்திரங்களால் வாரி ரயிலில் கொட்டிவிடலாம். 1980இல் ரயில்வே கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் சரக்குக் கட்டணமும் இறங்கியது. விளைவு, சிகாகோவைச் சுற்றியிருந்த அனல்மின் நிலையங்களே சொந்த மாநிலக் கரியை விட்டுவிட்டு, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த வயோமிங் கரியை எரித்தன.

இதை விளம்பரத்தால் மாற்ற முடியாது என்பது மாநிலங்களுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் சட்டத்தின் துணையை நாடின. மாநிலத்து மின் நிறுவனங்கள் குறைந்தது 10 சதவீதம் உள்ளூர்க் கரியை எரித்தாக வேண்டும் என்று ஓக்லஹோமா சட்டம் போட்டது. வழக்குத் தொடுத்தது சுற்றுச்சூழல் இயக்கம் எதுவுமல்ல. தன் கரி விற்பனையும் அதில் கிடைக்கும் வரியும் குறைந்துபோன வயோமிங் மாநில அரசு. 1992இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. உள்ளூர்க் கரிக்குச் சாதகமாக இல்லினாய் 1991இல் கொண்டுவந்த சட்டமும் 1995இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இதேபோல் விழுந்தது. ஒரு மாநிலத்தின் நிலக்கரி அலுவலகம் பெரும்பாலும் மோதுவது காற்றாலையோடு அல்ல, பக்கத்து மாநிலத்தின் நிலக்கரியோடுதான்.

வாதம் 2: “சுற்றுச்சூழல் விதிகள்தான் தொழிலைக் கொன்றன, அவற்றை எதிர்த்துப் பேச அரசில் ஒரு வாய் வேண்டும்.”

இதில் பாதி உண்மை உண்டு. 1990இல் திருத்தப்பட்ட காற்றுத் தூய்மைச் சட்டம் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு விதித்தது. இல்லினாய் அடிவாங்கியது. 1990இல் 6 கோடி டன்னாக இருந்த அதன் உற்பத்தி 2003இல் ஏறத்தாழ 3.2 கோடி டன்னுக்கு இறங்கியது.

மீதிப் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. 2000களின் பிற்பகுதியில் விதிகள் இன்னும் இறுகின. வேறு வழியின்றி அனல்மின் நிலையங்கள் பல, புகையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பைப் பொருத்தின. அமெரிக்கர்கள் அதை ஸ்க்ரப்பர் என்பார்கள். நம்மூர் அனல்மின் நிலையங்களில் எஃப்.ஜி.டி. என்று பெயர். அது வந்துவிட்டால் கந்தகம் கூடுதலாக இருந்தாலும் கவலையில்லை. விலை மலிவாகவும் வெப்பம் அதிகமாகவும் இருந்தால் போதும். இல்லினாய் கரிக்கு மறுவாழ்வு வந்தது இப்படித்தான். 2014இல் உற்பத்தி மீண்டும் 5.8 கோடி டன்னை நெருங்கியது. எந்த விதிகளை எதிர்க்க அலுவலகம் வேண்டும் என்கிறார்களோ, அதே விதிகள்தான் வாங்குவோரைத் திருப்பிக் கொண்டுவந்தன.

அந்த வாழ்வும் நிலைக்கவில்லை. காரணம் விதி அல்ல, எரிவாயு. பாறைப் பிளப்பு முறையில் எடுத்த மலிவான எரிவாயு சந்தையை நிரப்பியது. 2005இல் அமெரிக்க மின்சாரத்தில் பாதியைத் தந்த நிலக்கரியை 2016இல் எரிவாயு முந்தியது. 2023இல் நிலக்கரியின் பங்கு 16 சதவீதம்தான். 2020இல் இல்லினாய் உற்பத்தி மறுபடியும் 3 கோடி டன் அளவுக்குச் சரிந்தது. அங்கே கொடிகட்டிப் பறந்த ஃபோர்சைட் எனர்ஜி நிறுவனம் அதே ஆண்டு திவால் மனு கொடுத்தது. நிலக்கரி அலுவலகம் அப்போதும் திறந்துதான் இருந்தது.

வாதம் 3: “உற்பத்தி கூடினால் வேலை கூடும்.”

இந்த வாதத்துக்கு மேலே சொன்ன 2014ஆம் ஆண்டே பதில். உற்பத்தி ஏறக்குறைய 1990இன் அளவைத் தொட்டது. ஆனால் 1990இல் சுமார் 10,000 பேர் செய்த வேலையை 2014இல் அதில் பாதிக்கும் குறைவானவர்களே செய்து முடித்தார்கள்.

காரணத்தைச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தால் புரியும். தெற்கு இல்லினாயின் புதிய சுரங்கங்களில் இருப்பது லாங்வால் முறை. ஆயிரம் அடி அகலத்துக்கு நீளும் கரிச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, பற்கள் பதித்த உருளைகளோடு ஓர் எந்திரம் கரியைச் செதுக்கிக்கொண்டே நகர்கிறது. உதிர்ந்த கரியைக் கீழே ஓடும் கன்வேயர் அள்ளிச் செல்கிறது. கூரையைத் தாங்கி நிற்பவை வரிசையாக நிற்கும் ஹைட்ராலிக் தூண்கள். வெட்டு முன்னேற முன்னேறத் தூண்களும் தாமாகவே முன்னே நகர, பின்னால் கூரை இடிந்து விழும்படி விட்டுவிடுகிறார்கள். ஒரு ஷிப்டில் அந்தச் சுவரருகே நிற்பவர்களை எண்ணிவிடலாம். மேலே சோளம் விளையும் நிலம் சில அடி இறங்கி, வயலில் தண்ணீர் தேங்குகிறது.

நாடு முழுக்கக் கதை இதுதான். 1923இல் அமெரிக்கச் சுரங்கங்களில் 8.6 லட்சம் பேர் சேர்ந்து சுமார் 65 கோடி டன் வெட்டினார்கள். உற்பத்தி உச்சத்தைத் தொட்ட 2008இல் 117 கோடி டன்; வேலை பார்த்தவர்கள் 90,000 பேர்கூட இல்லை. இந்த வேலைகளைத் தின்றது பெரும்பாலும் எந்திரம். எந்திரத்தை விரட்டப் போவதாக எந்த நிலக்கரி அலுவலகமும் சொன்னதில்லை.

வாதம் 4: “அரசு விதைப்பணம் போட்டால் சுத்தமான நிலக்கரித் தொழில்நுட்பம் முளைக்கும்.”

ஒஹாயோ ஆற்றங்கரையில் பிரில்லியன்ட் என்ற ஊரில் டிட் மின்நிலையம் இருந்தது. அழுத்தத்தில் கரியை எரித்துக் கந்தகத்தை அடுப்பிலேயே பிடித்துவிடும் புதிய முறைக்கு அது சோதனைக் களமானது. திறன் 70 மெகாவாட். மத்திய அரசும் ஒஹாயோ நிலக்கரி அலுவலகமும் பணம் போட்டன. 1991இல் ஓடத் தொடங்கி 1995இல் சோதனை முடிந்தது. பொறியாளர்களுக்குப் பயனுள்ள தரவு கிடைத்தது. அமெரிக்க மின்துறை அந்த முறையைக் கையில் எடுக்கவில்லை.

இல்லினாயின் அனுபவம் இன்னும் கசப்பானது. கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைக்கும் ஃபியூச்சர்ஜென் நிலையத்தைத் தன் மண்ணுக்குக் கொண்டுவர அம்மாநிலம் டெக்சாஸோடு மல்லுக்கட்டியது. 2007 டிசம்பரில் மட்டூன் நகரம் தேர்வானது. அடுத்த மாதமே, செலவு எகிறுகிறது என்று மத்திய எரிசக்தித் துறை கைவிரித்தது. 2010இல் திட்டம் உருமாறித் திரும்பியது: மின்நிலையம் மெரிடோசியாவில், மட்டூனுக்குக் கரியமில வாயுவைப் புதைக்கும் இடம் என்ற பெயர் மட்டும். மட்டூன் மக்கள் ‘வேண்டாம்’ என்று விலகிக்கொண்டார்கள். மத்திய அரசு 100 கோடி டாலர் ஒதுக்கியிருந்தும் 2015இல் திட்டம் நிரந்தரமாகக் கைவிடப்பட்டது.

ஆராய்ச்சி தோற்பது குற்றமில்லை. ஒரே எரிபொருளுக்கு மட்டும் கட்டுப்பட்ட அலுவலகம், தோல்வி கண்முன் தெரிந்தாலும் வேறு பக்கம் திரும்ப முடியாது என்பதுதான் கோளாறு. அதன் பெயர்ப்பலகையே அதற்கு விலங்கு.

வாதம் 5: “செலவு சொற்பம்; வரியாக எல்லாம் திரும்பிவிடும்.”

இல்லினாயில் வெட்டியெடுக்கும் கரிக்கு மாநிலச் சுரங்க வரியே கிடையாது. சுரங்கக் கருவிகளுக்கு விற்பனை வரி விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு எது திரும்பும்?

சுரங்க வரி வாங்கும் கென்டக்கியின் கணக்கும் உற்சாகம் தரவில்லை. அம்மாநிலத்தின் மலைப்பகுதிச் சமூகப் பொருளாதார மேம்பாட்டுச் சங்கம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 2006ஆம் நிதியாண்டை எடுத்துக்கொண்டது. நிலக்கரியால் அரசுக்கு வந்தது 52.8 கோடி டாலர். நிலக்கரிக்காக அரசு செலவழித்தது 64.3 கோடி. கரி லாரிகள் நொறுக்கிய சாலைகளைச் சீராக்குவதும் அதில் ஒரு பெரிய செலவு. கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைச் சீரமைக்க 2021இல் மத்திய அரசு ஒதுக்கிய தொகை 1,130 கோடி டாலர். கரித்தூசியால் நுரையீரல் கறுத்துப்போன தொழிலாளிகளுக்கு உதவும் மத்திய நிதியின் கடனோ 400 கோடி டாலரைத் தாண்டியது. தொழில் சம்பாதித்துவிட்டுப் போனபின் பில் வந்து சேரும் இடம் அரசு கஜானா.

சொற்பச் செலவில் நடந்ததையும் பார்க்கலாம். இல்லினாய் அலுவலகம் பள்ளிகளுக்கு நிலக்கரிப் பாடத்திட்டம் தயாரித்துக் கொடுத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்து, வென்ற படங்களை நிலக்கரி நாட்காட்டியாக அச்சிட்டது. தொழில் நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் செய்தால் அதன் பெயர் விளம்பரம். வரிப்பணத்தில் வகுப்பறைக்குள் அது வந்தபோது எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

வாதம் 6: “இந்த அலுவலகமும் இல்லையென்றால் சுரங்கத் தொழிலாளிக்கு நாதி யார்?”

ஆறு வாதங்களில் மனதைத் தொடுவது இதுதான். அதனால் இதற்குத்தான் நேர்மையான பதில் வேண்டும்.

2019 ஜூலை 1 அன்று பிளாக்ஜுவல் என்ற சுரங்க நிறுவனம் திடீரெனத் திவால் மனு கொடுத்தது. வயோமிங்கில் ஏறத்தாழ 600 பேர் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத் தொழிலாளிகளுக்கு வங்கியில் போட்ட சம்பளக் காசோலை திரும்பி வந்தது. அவர்கள் வெட்டிய கரியை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியபோது தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். மறியல் வாரக்கணக்கில் நீடித்தது. புதிதாகத் தொடங்கும் சுரங்க நிறுவனம் சம்பளத்துக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று கென்டக்கியில் ஏற்கெனவே சட்டம் இருந்தது. பிளாக்ஜுவல் கட்டவில்லை, அரசு கேட்கவும் இல்லை. அந்தத் தொழிலாளிகளுக்குத் தேவைப்பட்டது கரியை விற்றுத்தரும் அதிகாரி அல்ல, முதலாளியிடம் பிணைத்தொகையைக் கறாராக வாங்கி வைத்திருக்கும் அதிகாரி.

அப்படி யோசித்த மாநிலமும் உண்டு. கொலராடோ 2019இல் சட்டம் இயற்றி, நிலக்கரித் தொழிலாளிகளுக்கும் அதை நம்பிய ஊர்களுக்கும் உதவ ‘நியாயமான மாற்றத்துக்கான அலுவலகம்’ ஒன்றைத் திறந்தது. சுரங்கமோ மின்நிலையமோ மூடப்படும் முன்பே மறுபயிற்சி, மாற்று வேலை, சொத்து வரியை இழக்கும் ஊராட்சிகளின் வருமானம் ஆகியவற்றுக்குத் திட்டமிடுவது அதன் வேலை. நிதி போதவில்லை என்ற குறை அங்கேயும் உண்டு. ஆனால் அது யாருக்காக இருக்கிறது என்பதில் குழப்பமில்லை.

ஆகவே நிலக்கரி மாநிலங்களின் சட்டமன்றங்கள் அலுவலகம் திறப்பதானால் திறக்கட்டும். மசோதாவில் நான்கு வேலைகளை மட்டும் எழுதட்டும்: சம்பளப் பிணைத்தொகை வசூல், ஓய்வூதியப் பாதுகாப்பு, நுரையீரல் சிகிச்சை, நிலச் சீரமைப்பு. கரியை விற்பது அதை வெட்டுகிற நிறுவனத்தின் வேலை. அதற்கான சம்பளத்தை வரி கட்டுகிறவர் தர வேண்டியதில்லை.